பேர் சொல்லாதது

நடு ராத்திரி. ஒரு வீட்டில் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. வயிறு தவுல் மாதிரி உப்பிக் கிடக்கிறது. தோளில் போட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள், முதுகை நீவிப் பார்க்கிறார்கள். ம்ஹூம். அழுகை நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் பாட்டி ஒரு உத்தரவு போடுகிறாள். வீட்டு ஆம்பிளை ஒருவர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நாட்டு மருந்துக் கடைக்காரர் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டுகிறார்.

கடைக்காரர் நல்ல தூக்கத்தில் இருக்கிறார். 'காலைல வாங்க' என்று படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிடலாம்தான். ஆனால் செய்ய மாட்டார். எழுந்து வந்து கதவைத் திறந்தே ஆக வேண்டும். திறக்காவிட்டால் அபராதம்!

காட்சி என் கற்பனை. அபராதம் கற்பனை இல்லை. ஒயிட்லா எய்ன்ஸ்லி என்று ஒரு டாக்டர். ஈஸ்ட் இண்டியா கம்பெனியின் சர்ஜனாக 1788-ல் இந்தியாவுக்கு வந்தவர். கால் நூற்றாண்டுக்கும் மேல் இங்கேயே இருந்தார். உள்ளூர் வைத்தியர்கள் என்னென்ன மருந்து வைத்திருக்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன பெயர், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதி, 1813-ல் சென்னையில் ஒரு புத்தகம் போட்டார். 1826-ல் அதையே இன்னும் விரிவாக்கி லண்டனில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் ஒரு வேரைப் பற்றிச் சொல்லும்போதுதான் இந்தத் தகவல் வருகிறது. குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு அது அவ்வளவு முக்கியமான மருந்து. அதனால் நடு ராத்திரியில் யாராவது வந்து கேட்டாலும் கடைக்காரர் கதவைத் திறந்து விற்க வேண்டும், மறுத்தால் தண்டம் கட்ட வேண்டும் என்கிறார்.

சரி, கதவு திறந்துவிட்டது. லாந்தரோடு நிற்கிறவர் என்ன கேட்பார்?

அங்கேதான் வேடிக்கை. அந்த மருந்தின் பெயரை ராத்திரியில் சொல்லக் கூடாது என்று ஒரு சாஸ்திரம். ஆகவே, 'பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க' என்பார். கடைக்காரருக்கும் புரிந்துவிடும்.

உங்களுக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். வசம்பு.

விளக்கு வைத்த பிறகு இந்தப் பெயரை எடுத்தால் உங்கள் பாட்டியும் முறைத்திருப்பார். 'பிள்ளை வளர்ப்பான்' என்று செல்லப் பெயர் வேறு. அத்தனை வாத்சல்யம், கூடவே ஒரு பயம். ஒரு மருந்துக்கு எதற்காக இப்படிப் புனைப்பெயர்கள்? காரணம் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் செடியின் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு போனால், உலகம் முழுக்க அதன் பெயரில்தான் குழப்பமே என்று தெரிகிறது. அந்தக் குழப்பத்தில் நம் வீட்டுக் குழந்தையும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் வசம்பு.

*

கடையில் நாம் பார்ப்பது காய்ந்துபோன, கணு கணுவான, பழுப்பு நிறத் துண்டு. பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. உயிரோடு இருக்கும்போது வசம்பு ஒரு சதுப்பு நிலச் செடி. ஏரிக்கரை, குளத்தோரம், ஓடை ஒதுங்குகிற சேறு... கால் நனைய நின்றால்தான் அதற்கு நிம்மதி. தண்ணீருக்கு மேலே வாள் மாதிரி நீள நீளமாக இலைகள். ஆளின் இடுப்பு உயரத்துக்கு வளரும், சில இடங்களில் இன்னும் மேலே. கோரை என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினால்தான் தெரியும். குப்பென்று ஒரு வாசனை.

செடியின் உயிர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. நாம் வேர் என்று சொல்வது உண்மையில் வேர் இல்லை. சேற்றுக்குள் படுத்தவாக்கில் ஊர்ந்து போகிற தண்டு. இஞ்சி, மஞ்சள் மாதிரி. வருடா வருடம் இலை காயும், கிழங்கு சாகாது. ஒரு துண்டை உடைத்து வேறு சேற்றில் போட்டால் அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். இந்த ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ரொம்ப காலம் இதைச் சேப்பங்கிழங்கின் சொந்தக்காரன் என்றே தாவரவியல்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பூக்கதிரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1990-களில் டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தபோதுதான் குட்டு உடைந்தது. ஒருவித்திலைத் தாவரங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நெல், கோதுமை, கரும்பு, தென்னை, வாழை, மூங்கில் எல்லாம் அந்தக் கூட்டம். அந்தப் பெரிய குடும்ப மரத்தில் முதல் முதலாகப் பிரிந்து தனியே போன கிளை எது என்று பார்த்தால், வசம்பு! அத்தனை பேரும் ஒரு பக்கம், இது மட்டும் ஒரு பக்கம். இப்போது அதற்குத் தனிக் குடும்பம், தனி வரிசையே கொடுத்துவிட்டார்கள். நாம் சாப்பிடுகிற சோற்றுக்கு வசம்பு ரொம்ப தூரத்து, ரொம்பப் பழைய உறவு.

*

'வசம்பு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வடமொழியில் 'வசா'. பேச்சு என்று அர்த்தம். வாக்கு, வசனம், வாசகம் எல்லாம் பிறந்த அதே வேர்ச்சொல்லின் குழந்தை. நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்ற நம்பிக்கை ஆயுர்வேத காலத்திலிருந்தே இருக்கிறது. வசம்பை விளக்கில் சுட்டு, கல்லில் உரசி, தாய்ப்பாலில் குழைத்து, துளியூண்டு குழந்தை நாக்கில் தடவினார்கள். வயிற்று வலிக்கும் ஆச்சு, பேச்சுக்கும் ஆச்சு.

இதில் ஓர் ஆச்சரியம் பாருங்கள். நம்மைப் பற்றிக் கேள்வியே பட்டிராத வட அமெரிக்கப் பழங்குடிகளும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். கனடாவின் க்ரீ இனத்தவர், மிசௌரி நதிப் பக்கத்து டகோடா, ஒமாஹா, பானீ மக்கள் எல்லோரிடமும் இந்தக் கிழங்கு உண்டு. பாடகர்கள் தொண்டைக்காக இதைக் கடிப்பார்கள். இருமலுக்கும் சளிக்கும் வயிற்றுவலிக்கும் மென்றார்கள். டகோடா வீரர்கள் சண்டைக்குப் போகுமுன் இதை மென்று, விழுதை முகத்தில் பூசிக்கொள்வார்களாம். பயம் போய்விடும் என்று நம்பிக்கை. மெல்வின் கில்மோர் என்ற ஆய்வாளர் 1919-ல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். மஸ்க்ராட் என்றொரு நீர் எலி இந்தக் கிழங்கை விரும்பித் தின்னும். அதனால் அங்கே இன்றைக்கும் இதற்கு 'எலி வேர்' என்று பெயர்.

இங்கே பேச்சுக்கு. அங்கே பாட்டுக்கு. இடையில் ஒரு முழு சமுத்திரம். இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் மென்றார்களா? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

*

பைபிளிலும் வசம்பு இருக்கிறது. யாத்திராகமம் 30-ம் அதிகாரத்தில், மோசேக்கு அபிஷேகத் தைலம் செய்யும் முறை சொல்லப்படுகிறது. வெள்ளைப்போளம், கருவாப்பட்டை எல்லாவற்றோடும் 250 சேக்கல் எடை 'சுகந்த வசம்பு' சேர்க்க வேண்டும். தமிழ் வேதாகமம் அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கிறது. ஆனால், மூலத்தில் உள்ள எபிரேயச் சொல்லுக்கு 'வாசனை நாணல்' என்றுதான் பொருள். அது வசம்புதானா, அல்லது எலுமிச்சைப் புல் மாதிரி ஏதாவது வாசனைப் புல்லா என்று அறிஞர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். வசம்பின் பெயர்க் குழப்பத்துக்கு இது முதல் உதாரணம்.

பழைய கிரேக்க, ரோமானிய மருத்துவ நூல்களிலும் வாசனை நாணல் வருகிறது. இந்தியப் பக்கத்திலிருந்து காய்ந்த சரக்காகக் கப்பல் ஏறி வரும். காய்ந்த துண்டைப் பார்த்தவர்கள் உண்டே தவிர, பச்சைச் செடியைப் பார்த்த ஐரோப்பியர்கள் அபூர்வம். புத்தகத்தில் பெயர் இருக்கிறது, கையில் செடி இல்லை. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய வைத்தியர்களுக்கு இது பெரிய மனக்குறை.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒரு தூதர். பெயர் பஸ்பெக். ஹாப்ஸ்பர்க் அரசின் தூதராக 1554-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனவர். ஆட்டோமான் சுல்தான் சுலைமானின் தர்பாரில் சமாதானம் பேசுவதுதான் வேலை. பேச்சு இழுத்துக்கொண்டே போக, இவர் பொழுதைக் கழிக்கப் பழைய நாணயங்களும் கையெழுத்துப் பிரதிகளும் செடிகளும் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். துலிப் பூவை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் இவர் பெயர் முதலில் வரும். துருக்கியில் நிகோமீடியா என்ற ஊரின் பக்கத்து ஏரியிலிருந்து எடுத்த வசம்பு, இவருடைய தூதரகம் மூலமாக 1557-ல் மத்தியோலி என்ற புகழ்பெற்ற இத்தாலிய மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து க்ளூசியஸ். 1573-ல் வியன்னாவின் அரசத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற தாவரவியலாளர். அடுத்த வருடமே அவருக்குத் துருக்கியிலிருந்து உயிருள்ள வசம்புக் கிழங்கு வந்தது. நட்டார். பிடித்துக்கொண்டது. அவர் கஞ்சன் இல்லை. துண்டு துண்டாக உடைத்து, ஐரோப்பா முழுக்க இருந்த நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். (பிற்பாடு ஹாலந்துக்குப் போய் அங்கே துலிப் நட்டவரும் இதே க்ளூசியஸ்தான். அந்தத் துலிப் பைத்தியம் தனிக் கதை.)

இந்த ஐரோப்பிய வசம்புக்கு ஒரு சோகம் உண்டு. அது மலடு. பூக்கும். ஆனால் அங்கே அதில் விதை பிடிக்காது. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் நூறு வருடத்துக்குள் இங்கிலாந்து வரைக்கும் ஏரி, குளம், வாய்க்கால் என்று பரவிவிட்டது. எப்படி? முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் குணம்தான். மனிதன் உடைத்து நட்டான், வெள்ளம் உடைத்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு விதைகூட இல்லாமல் ஒரு கண்டத்தையே பிடித்த செடி அது!

*

வந்த இடத்தில் அதற்கு ராஜ உபசாரம். கிழங்கைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து மிட்டாய் செய்தார்கள். மதுவில் போட்டார்கள். இங்கிலாந்தின் நார்விச் நகரத்துப் பெரிய தேவாலயத்தில் திருவிழா நாள்களில் தரை முழுக்க வசம்பு இலைகளைப் பரப்புவார்கள். பக்தர்கள் மிதிக்க மிதிக்க வாசனை மேலே எழும்பும். நம் ஊரில் பந்தலுக்கு மாவிலை மாதிரி, போலந்தில் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு வீட்டை அலங்கரிக்க வசம்பு இலைதான்.

எட்டாம் ஹென்றியின் மந்திரியாக இருந்த கார்டினல் உல்சியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மாளிகைத் தரைக்கு அடிக்கடி புது வசம்பு இலை மாற்றிப் பணத்தைக் கரியாக்கினார் என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டாம். மூலிகைப் புத்தகங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. காலக்கணக்குதான் இடிக்கிறது. உல்சி இறந்தது 1530-ல். மத்தியோலி கைக்குச் செடி வந்ததே 1557-ல்! உல்சி பரப்பியது வேறு ஏதோ கோரையாக இருந்திருக்கும். பெயர்க் குழப்பம், உதாரணம் இரண்டு.

போலந்துக்காரர்கள் இதை 'டாட்டராக்' என்கிறார்கள். தார்த்தாரியர்களின் செடி. படையெடுத்து வந்த தார்த்தாரியக் குதிரைப் படை, போகிற வழியில் நீர்நிலைகளிலெல்லாம் இந்தக் கிழங்கைப் போட்டுக்கொண்டே போனதாகவும், அது முளைத்தால் தண்ணீர் குதிரைகள் குடிக்க நல்ல தண்ணீர் என்று கண்டுகொண்டதாகவும் அங்கே ஒரு கதை. ஆந்த்ரே வாய்தா 2009-ல் எடுத்த படத்தின் பெயரே 'டாட்டராக்'தான். சதுப்பில் விளைந்த ஒரு களைச்செடிக்கு இத்தனை மரியாதை!

1753-ல் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது வசம்புக்கு 'அகோரஸ் கலாமஸ்' என்று வைத்தார். ஐரோப்பாவில் வளர்வது ஒரு ரகம், ஆசியாவில் வளர்வது இன்னொரு ரகம் என்று அப்போதே அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துக் குறித்தும் வைத்தார். ஆனால் பெயர் ஒன்றேதான்.

*

ஐரோப்பாவில் இலையை மிதித்துக்கொண்டிருக்கட்டும். நாம் தஞ்சாவூருக்கு வருவோம்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் பல்லாயிரக்கணக்கான சுவடிகள் இருக்கின்றன. பனையோலைக்கு முதல் எதிரி பூச்சி. அதை விரட்ட அங்கே ஒரு பாரம்பரியப் பொடி உண்டு. வசம்பு, கிராம்பு, மிளகு, லவங்கப்பட்டை, சீரகம் எல்லாவற்றையும் இடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி ஏடுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அரிசி டின்னில் வசம்புத் துண்டு போட்டு வைக்கும் பாட்டிமார்களும் அதே கட்சிதான். குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு வசம்பு உதவியதோ இல்லையோ, நம் புலவர்களின் பேச்சு பூச்சி வாயில் போகாமல் தப்பித்ததில் அதற்கு ஒரு பங்கு நிச்சயம் உண்டு.

பூச்சிகளை அது என்னதான் செய்கிறது? ஜம்முவில் இருந்த அரசு ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் பதில் கண்டுபிடித்தார்கள். 1977-ல் 'நேச்சர்' பத்திரிகையில் கட்டுரை வந்தது. வசம்பு எண்ணெயில் 'பீட்டா அசரோன்' என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அது பூச்சிகளைக் கருத்தரிக்க விடாமல் மலடாக்குகிறது. அடுத்த தலைமுறையே இல்லை!

சபாஷ் என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? ஒரு நிமிஷம். பூச்சியை இந்தப் பாடு படுத்துகிற சரக்கைத்தானே நாம் பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுகிறோம்?

*

இந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் அதற்குப் பத்து வருடம் முன்பே கேட்டுவிட்டார்கள். அங்கே வசம்பு எண்ணெய் உணவிலும் பானங்களிலும் வாசனைக்காகச் சேர்க்கப்பட்டு வந்தது. அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விஞ்ஞானிகள் எலிகளுக்கு வசம்பு எண்ணெய் கலந்த உணவை நீண்ட காலம் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் வளர்ச்சி குன்றிப் போயின. பல எலிகளுக்கு முன்சிறுகுடலில் புற்றுக்கட்டிகள். முடிவுகள் 1967-ல் வெளிவந்தன. 1968 மே மாதம் தடை உத்தரவு வந்துவிட்டது. வசம்பு, வசம்பு எண்ணெய், வசம்புச் சாறு எதையும் உணவில் சேர்க்கக் கூடாது. அந்தத் தடை இன்றும் அமலில் இருக்கிறது.

எலிகளுக்குக் கொடுத்த எண்ணெய் எந்த ஊர்ச் சரக்கு தெரியுமா? ஜம்மு. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. இந்திய வசம்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, உலக வசம்பு அத்தனைக்கும் தடை போட்டாகிவிட்டது. க்ரீ பாட்டி மென்றதும் டகோடா பாடகர் கடித்ததும்கூடப் பெயர்ப்படி அதே வசம்புதானே?

அங்கேதான் கதை திரும்புகிறது. செல்களுக்குள் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர்கள், 'அகோரஸ் கலாமஸ்' என்ற ஒரே பெயருக்குப் பின்னால் குறைந்தது மூன்று பேர் ஒளிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

முதலாமவர் வட அமெரிக்காவிலும் சைபீரியாவின் சில பகுதிகளிலும் இருப்பவர். 24 குரோமோசோம். விதை பிடிக்கும். இரண்டாமவர் ஐரோப்பாவில் இருப்பவர். 36 குரோமோசோம். எண்ணிக்கை மூன்று தொகுதியாக இருப்பதால் ஜோடி சேர முடியாது. அவர் மலடாக இருப்பதன் ரகசியம் இதுதான். மூன்றாமவர் தெற்கு, கிழக்கு ஆசியாவில் பரவலாக இருப்பவர். 48 குரோமோசோம்.

1980-களின் தொடக்கத்தில் ஜெர்மன் விஞ்ஞானிகள் இந்த மூவரின் எண்ணெயையும் பிரித்துப் பார்த்தார்கள். ஐரோப்பியச் செடியில் பீட்டா அசரோன் கொஞ்சம்தான். ஆசிய 48-ல் ஏராளம். இந்தியாவில் எடுத்த பல மாதிரிகளில் எண்ணெயில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் அதுதான். அமெரிக்கச் செடியில்? சுத்தமாக இல்லை!

யோசித்துப் பாருங்கள். அமெரிக்க அரசாங்கம் தன் சொந்த மண்ணில், தன் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக மென்று வந்த, அந்த ரசாயனமே இல்லாத செடியை, அதன் பெயருக்காகத் தடை செய்திருக்கிறது. இங்கே நாமோ, அந்த ரசாயனம் நிரம்பிய செடியை, அதன் பெயருக்காகக் குழந்தை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கச் செடியை இப்போது பல தாவரவியலாளர்கள் தனி இனமாகவே ஏற்றுக்கொண்டு வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய யூனியன் தடைக்குப் பதில் அளவு வைத்தது. பீட்டா அசரோனைத் தனியாக எதிலும் சேர்க்கக் கூடாது. மதுவில் இயற்கையாக வந்து சேர்ந்தால்கூடக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

நம் ஊர்ப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'வசம்பு, 50 கிராம்.' அவ்வளவுதான். எத்தனை குரோமோசோம், எந்த ஊர்ச் சேறு, அசரோன் எவ்வளவு, எதுவும் கிடையாது. அந்த வகையில் அது இன்னமும் பேர் சொல்லாததுதான்.

*

'எங்க பாட்டி எனக்குக் கொடுத்தா. நான் நல்லாத்தானே இருக்கேன்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். எலிக்குத் தினமும் உணவிலேயே எண்ணெயைக் கலந்து கொடுத்தார்கள். பாட்டி கொடுத்தது சுட்டுக் கரியாக்கி, கல்லில் ஓர் இழைப்பு இழைத்து, விரல் நுனியில் தொட்டு எடுத்த துளி. இரண்டும் ஒன்றில்லை. அளவு மீறினால் வசம்பு வாந்தி எடுக்க வைக்கும் என்பது நம் வைத்தியர்களுக்கும் நன்றாகவே தெரியும். பாட்டியிடம் ஒரு அளவு இருந்தது. ஒரு பயம் இருந்தது. பெயரைச் சொல்லவே யோசித்தவள், அள்ளியா கொடுத்திருப்பாள்?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுட்டதால் விஷம் போய்விட்டது என்று நம்பித்தான் கொடுத்தார்களே தவிர, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று எந்தப் பாட்டியும் அளந்து பார்க்கவில்லை. அன்றைக்கு நடு ராத்திரியில் தட்டுவதற்கு அந்த ஒரு கதவுதான் இருந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகப் போன காலம். செத்துப்போன குழந்தை 'எனக்கும் கொடுத்தாங்க' என்று சாட்சி சொல்ல வராது. நாம் பிழைத்தவர்கள். அதனால்தான் நல்லாத்தானே இருக்கிறோம் என்று பேச முடிகிறது.

இன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், பாட்டியின் அளவும் பயமும் போய், வசம்பு மட்டும் தங்கிவிட்டது. பொடியாக்கி டப்பாவில் விற்கிறார்கள். மணி மணியாக நறுக்கிக் கோத்து, குழந்தைக்கு வளையலாக ஆன்லைனில் விற்கிறார்கள். கையில் எது இருந்தாலும் வாயில் வைத்துச் சப்புவதுதானே குழந்தையின் முழு நேர வேலை? சப்பச் சப்ப எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு விரல் நுனிக் கணக்கு இல்லை. மணி பிய்ந்து தொண்டையில் சிக்கினால் அது வேறு ஆபத்து. முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை டாக்டர்களும் அதையேதான் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக வசம்பைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டாம். அரிசி டின்னில் போடுங்கள். புத்தக அலமாரியில் வையுங்கள். பூச்சி விஷயத்தில் அதன் நாணயத்தைத் தஞ்சாவூர்ச் சுவடிகளும் 'நேச்சர்' பத்திரிகையும் ஒருசேர உறுதி செய்துவிட்டன. குளத்தோரம் எங்காவது கண்ணில் பட்டால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துதான் பாருங்களேன். நெல்லும் தென்னையும் கிளை பிரிவதற்கு முன்பே தனி வழி போன ஒரு பரம்பரையின் வாசனை அது.

எய்ன்ஸ்லி எழுதி இருநூறு வருடம் தாண்டிவிட்டது. குழந்தைகள் இன்னும் நடு ராத்திரியில்தான் அழுகின்றன. அந்தக் கால அபராதத்தின் பின்னால் இருந்த நியாயம் இன்றைக்கும் அப்படியே செல்லும்: குழந்தைக்கு வயிறு வலித்தால், எந்த நேரமாக இருந்தாலும் கதவைத் தட்டலாம், திறக்க வேண்டியது அவர்கள் கடமை. தட்டுகிற கதவு மட்டும் மாறியிருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் விளக்கு எரிகிற அரசு ஆஸ்பத்திரிக் கதவு.

அங்கே போய் நிற்கும்போது, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். அப்போது மட்டும் தயங்காதீர்கள். ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.